மூன்று நாடுகளில் உருவான ஒரு குவாண்டம் சிப்

கியூ.கே.டி. எனப்படும் குவாண்டம் சாவிப் பகிர்வுக்கான ஒளிச் சிப் ஒன்றைச் செய்து முடிக்க எங்கள் குழுவுக்கு மூன்று நாடுகள் தேவைப்பட்டன. செய்தியைப் பூட்டும் ரகசியச் சாவியை, யாராவது ஒட்டுக்கேட்டால் தெரிந்துவிடும்படி, மிக மங்கலான ஒளியில் அனுப்பும் முறை இது. வடிவமைப்பும் சோதனையும் இங்கிலாந்தில், எங்கள் ஆய்வுக்கூடத்தில். சிப் உருவானது நெதர்லாந்தின் ஐந்தோவனில். ஃபைபர் ஒட்டி, கம்பி பிணைத்துப் பெட்டிக்குள் வைக்கும் பேக்கேஜிங் வேலை அயர்லாந்தின் கார்க் நகரில். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் என்னிடம் இயற்பியலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்களை அதிகம் உழைக்க வைத்தது அது அல்ல, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் சிப் மாறும் இடங்கள்தான்.

ஐந்தோவனுக்குப் போனதற்குக் காரணம் இண்டியம் பாஸ்பைடு. லேசர், ஒளியில் தகவலை ஏற்றும் மாடுலேட்டர், ஒளியுணரி மூன்றையும் ஒரே சிப்பில் வைக்க இந்தப் பொருள் இடம் கொடுக்கும். சிலிக்கானை மட்டும் வைத்து நல்ல லேசர் செய்ய முடியாது. 2017-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் இதே பொருளில் செய்த டிரான்ஸ்மிட்டர் சிப்பை வைத்து கியூ.கே.டி. நடத்திக் காட்டினார்கள். எங்களுக்குத் தைரியம் தந்தது அதுதான். தனியாக ஒரு முழு வேஃபர், அதாவது பல சிப்களை ஒன்றாகச் செய்யும் தகடு, வாங்க எங்களிடம் பணம் கிடையாது. ஷேர் ஆட்டோ போல, பல குழுக்கள் ஒரே வேஃபரில் இடம் பிடித்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. நமக்குக் கிடைப்பது சில மில்லிமீட்டர் நிலம். டிசைன் ஃபைல் கொடுக்கும் தேதியை விட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். கொடுத்த பிறகும் சிப் வந்து சேரப் பல மாதம் ஆகும்.

வரைய ஆரம்பிக்கும் முன்பே கார்க்கில் இருப்பவர்களிடம் பேசிவிட வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் பிடிவாதமாக இருந்தார். அதன் அருமை முதல் வீடியோ கூட்டத்திலேயே புரிந்தது. ஒளி எதிரொளித்து லேசருக்குள் திரும்பாமல் இருக்க, சிப்பின் ஓரத்தில் அலைவழியை, அதாவது ஒளி ஓடும் பாதையை, 7 டிகிரி சாய்த்து முடிப்பது வழக்கம். ஆனால் இண்டியம் பாஸ்பைடிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைந்து, ஏறக்குறைய 23 டிகிரி சாய்வில் வெளியேறும். ஃபைபரை அந்தக் கோணத்தில் கொண்டுவந்து, மைக்ரோமீட்டருக்கும் குறைவான பிசகோடு நிறுத்தி ஒட்ட வேண்டும். பக்கத்திலேயே மின்கம்பிகளை இணைக்கும் உலோகத் திட்டு (பேட்) இருந்தால் கருவியின் கை உள்ளே போகாது. அதனால் ஒளி ஒரு பக்கம், மின்சாரம் எதிர்ப்பக்கம் என்று அன்றே முடிவு செய்தோம். ஃபைபர் இடைவெளி 127 மைக்ரோமீட்டர் என்பதும் அந்தக் கூட்டத்தில்தான் உறுதியானது.

அப்புறம் காகித வேலை. குவாண்டம் மறையாக்கத்துக்கென வடிவமைத்த கருவிகள் பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் இரண்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கின்றன. பெட்டியில் அடைக்காத வெறும் சிப் அதில் அடங்குமா? எங்கள் பல்கலைக்கழக ஏற்றுமதிப் பிரிவுக்கு எளிய மொழியில் ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தோம். பொது உரிமத்தின் கீழ் பதிவு செய்து அனுப்பலாம், ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று பதில் வந்தது. சுங்கம் தனி. 2021 முதல் பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் நடுவே சுங்க எல்லை உண்டு. விற்பனைக்கு இல்லாத ஆய்வுப் பொருள் என்றாலும் மதிப்பு எழுதாமல் நகராது. வேஃபரில் எங்கள் பங்குக்குக் கட்டிய தொகையைச் சிப் எண்ணிக்கையால் வகுத்து எழுதினோம், யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒளி வராத, ஒட்டிப் பழகுவதற்கு மட்டுமான சிப்களை ஐந்தோவனிலிருந்து நேராகக் கார்க்குக்கே அனுப்பச் சொன்னோம். இரண்டும் ஒன்றியத்துக்குள் இருப்பதால் சுங்கப் பேச்சே இல்லை. இதை எல்லோருக்கும் சொல்வேன்.

ரகசியம் காக்கும் சிப் இத்தனை பேர் கைக்குப் போகலாமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வடிவம் வெளியே தெரிந்தால் கியூ.கே.டி. உடைந்துவிடாது, பாதுகாப்பு அதில் இல்லை. சிப் கோட்பாடு சொல்கிறபடி நடக்கிறதா என்பதில்தான் ஆபத்து. ஒரு துடிப்பில் சராசரியாக ஒரு ஃபோட்டானுக்கும் (ஒளித்துகளுக்கும்) குறைவாக ஒளி போகிறதா, ஒவ்வொரு துடிப்பிலும் லேசரின் கட்டம் (ஒளி அலையின் ஃபேஸ்) புதிதாக, தாறுமாறாகப் பிறக்கிறதா, வெளியிலிருந்து ஒருவர் ஒளி பாய்ச்சினால் அது எதிரொளித்து உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்குமா என்று எல்லாவற்றையும் திரும்பி வந்த பிறகு நாங்களே அளந்தோம். கடைசிச் சிக்கலுக்காகத் ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் தனி ஐசோலேட்டர் ஒன்றைச் சிப்புக்கு வெளியே வைத்தோம். அதை இண்டியம் பாஸ்பைடுக்குள் கொண்டுவருவது இன்னும் கடினம்.

அதிக நேரம் பிடித்தது, சிப் அனுப்பும் ஒளியின் நான்கு நிலைகளை ஒத்துப்பார்ப்பதுதான். சாவியைச் சுமக்கும் அந்த நான்கும் பிரகாசத்தில் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று துளி மங்கினாலும் ஒட்டுக்கேட்பவருக்கு அது துப்பு. வெறும் சிப்பை ஒவ்வொரு மாடுலேட்டராகச் சோதித்தபோது சரியாக இருந்தது. எல்லாவற்றையும் வேகமாக, ஒரே நேரத்தில் ஓட்டியபோது பக்கத்துக் கம்பியின் சிக்னல் கொஞ்சம் கசிந்தது. இவ்வளவு நெருக்கமாகக் கம்பிகள் ஓடினால் இது இயல்பு. மின்னழுத்தங்களைப் புதிதாகச் சரிசெய்து நிலைகளைச் சமன் செய்தோம். அடுத்த டிசைனில் இந்தக் கசிவைக் குறைக்க, சிக்னல் பேட்களுக்கு நடுவே கிரவுண்ட் பேட் வருகிறது. அதற்கேற்ற கம்பி வரைபடத்தைக் கார்க்கிலிருந்து அனுப்பிவிட்டார்கள், ஐந்தோவனின் அடுத்த சுற்றுக்கு ஃபைல் தயாராகிக்கொண்டிருக்கிறது.