கிரீஸ் அடிக்கக் கூடாத இடம்

கும்பகோணத்திலிருந்து சற்றுத் தள்ளிய ஒரு கிராமத்தில், காலமாகிவிட்ட மருத்துவர் ஒருவரின் வீட்டுக் கொல்லையில், மாடு இல்லாத மாட்டுக்கொட்டகைக்குள் அந்தக் கார் நின்றிருந்தது. 1966ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, ஒரு காலத்தில் வெளிர்நீலமாக இருந்திருக்க வேண்டும். நான்கு டயரிலும் காற்று இல்லை. பின்னிருக்கையில் தேங்காய் மட்டையும் கிழிந்த உரச்சாக்குகளும் குவிந்திருந்தன. மருத்துவரின் மகள் 85,000 ரூபாய் கேட்டார். எனக்கு அப்போது 23 வயது. வேலையில் சேர்ந்து 14 மாதங்கள் ஆகியிருந்தன. சேமிப்பில் இருந்ததும் ஏறத்தாழ அதே தொகைதான். உடன் வந்திருந்த அப்பா கொட்டகை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "இதை எடைக்குப் போட்டா என்ன கிடைக்கும்னு விசாரிச்சியா?" என்று மட்டும் கேட்டார். விசாரித்திருந்தேன், 25,000 ரூபாயைத் தாண்டாது. அதை அவரிடம் சொல்லவில்லை.

என் வயதுக்காரர்களில் ஹெரால்டைத் தெருவில் பார்த்தவர்கள் குறைவு என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்பாசடர், ஃபியட் ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக அந்தக் காலத்து இந்தியாவில் கிடைத்த மூன்றாவது கார் இது. சென்னையை ஒட்டிய வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் 1961 முதல் இதைத் தயாரித்தது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு, 1959இல் வெளிவந்தது, உருவம் கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஜோவான்னி மிக்கெலோட்டி. நான் வசிக்கும் தாம்பரத்திலிருந்து அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்துக்கு இருசக்கர வண்டியில் கால் மணி நேரம் போதும். ஆக, நான் வாங்கியது வெளிநாட்டுப் பெயர் கொண்ட உள்ளூர்க் கார்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஊர்ப்பாசம் மட்டும் காரணமில்லை. 1950களின் இறுதியில் மற்ற கார்களெல்லாம் உடலும் சட்டமும் ஒன்றாக வெல்டு செய்யப்பட்ட கூடுகளாக மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டு பழைய முறைப்படி தனிச் சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், மேல்தான் உட்கார்ந்தது. இங்கிலாந்து நிறுவனத்துக்குக் காரின் உடலைச் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது, முழு உடலையும் ஒரே இடத்தில் செய்துதர வேறு ஆள் அமையாததால், ஆளுக்கொரு பாகமாகச் செய்து வாங்கி, எல்லாவற்றையும் சேசிஸின் மேல் போல்ட் போட்டுப் பூட்டும் வகையில் காரை வடிவமைத்தார்கள். அன்றைய அந்த நெருக்கடிதான் இன்று என்னைப் போன்றவனுக்குக் கைகொடுக்கிறது. கூரை தனியாகக் கழலும். பின்பாதி தனியாக வரும். முன்பக்கத்து பானெட், மட்கார்டுகளோடும் விளக்குகளோடும் சேர்ந்து, முதலை வாய் போல முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். திறந்துவிட்டால் முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இஞ்சினில் வேலை பார்க்கலாம். ஒரு கார் ஷெட், ஒரு ஜாக்கி, தூக்குவதற்கு நான்கு நண்பர்கள் இருந்தால் ஹெரால்டை முழுவதுமாகப் பிரித்துவிடலாம். பிரித்தோம்.

பிரிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. என்னிடம் இருந்தது மில்லிமீட்டர் ஸ்பேனர் செட். ஹெரால்டின் நட்டுகளோ அங்குல அளவு. 7/16 அங்குலம் என்பது 11.1 மி.மீ., அதனால் 11ஆம் எண் ஸ்பேனர் ஏறத்தாழப் பொருந்தி நம்மை ஏமாற்றும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ., அதில் 13ஆம் எண் ஸ்பேனரை மாட்டி முக்கினால் நட்டின் முனைகள் மழுங்கிப் போகும். ஐந்தாறு நட்டுகளை மழுங்கடித்த பிறகுதான் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய அங்குல ஸ்பேனர் செட் ஒன்று வாங்கி வந்தேன். பார்த்தால், பல நட்டுகளை எனக்கு முன்பே யாரோ மழுங்கடித்து வைத்திருந்தார்கள். இந்த இரண்டரை ஆண்டுகளில் நான் தெரிந்துகொண்டதும் இதுதான்: ஹெரால்டில் நான் சரிசெய்தவற்றில் பாதிக்கு மேல் காரின் தேய்மானம் அல்ல, அதை நல்ல எண்ணத்தோடு பழுதுபார்த்தவர்கள் விட்டுச் சென்றவை.

அதற்குச் சரியான எடுத்துக்காட்டு முன்சக்கரம். ஹெரால்டின் முன்சக்கரம் திரும்பும் இடத்தில், கீழ்ப்பக்கம், டிரனியன் என்ற வெண்கலத் துண்டு ஒன்று உண்டு. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிநுனியில் மரை வெட்டியிருப்பார்கள்; அந்த மரை வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் கொஞ்சம் ஏறி இறங்கும். காரின் முன்பாரம் முழுவதும் அதன் மேல்தான். வலப்பக்கத்து மரை ஒரு திசை, இடப்பக்கத்து மரை எதிர்த்திசை என்பதால் இரண்டையும் மாற்றி மாட்ட முடியாது. இந்த மரைக்குள் விட வேண்டியது கியர் பெட்டிக்கு ஊற்றுவதைப் போன்ற 90ஆம் எண் எண்ணெய். கையேட்டில் தெளிவாக இருக்கிறது. ஆனால் மற்றக் கார்களில் இதே இடத்தில் கிரீஸ்தான் அடிப்பார்கள் என்பதால், சர்வீஸுக்கு வந்த ஹெரால்டுக்கும் கையில் இருந்த கிரீஸ் கன்னையே வைத்து அடித்துவிடுவது வழக்கமாகிப் போனது.

கிரீஸ் அந்த மரையின் அடிவரை இறங்காது. மேலேயே நின்று, காலப்போக்கில் மெழுகு போல இறுகி, அடுத்து வரும் எண்ணெய்க்கும் வழி விடாது. மழைத் தண்ணீர் மட்டும் எப்படியோ உள்ளே போய்விடும். எஃகு துருப்பிடித்து, மரை தொடங்கும் கழுத்தருகில் மெலிந்து, ஒரு நாள் முறியும். பெரும்பாலும் காரை நிறுத்துவதற்காக ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது. முறிந்தால் சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்துவிடும். என் காரின் இடப்பக்கத் தண்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தபோது, உள்ளிருந்து காய்ந்த சந்தனம் போலக் கட்டிகட்டியாகக் கிரீஸ் உதிர்ந்தது. அதற்கடியில் மரையின் நான்கைந்து வரிகள் தேய்ந்து, கழுத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் ஐம்பது ஆண்டுகளாகக் கார் வேலை பார்க்கும் மெக்கானிக் பாயிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரல் நகத்தை வெடிப்பின் மேல் வைத்து ஒரு முறை இழுத்துப் பார்த்தார். "தம்பி, இதுல நானே எத்தனை வண்டிக்கு கிரீஸ் அடிச்சிருக்கேன் தெரியுமா?" என்றார். கையேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்துத் தரச் சொன்னார். அன்றிலிருந்து அவர் என் பங்காளி ஆகிவிட்டார். கூலி வாங்கவில்லை, டீ மட்டும் வாங்கிக்கொடுத்தேன்.

அடுத்தவர் செய்த தவறுகளைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு என் தவறை மறைப்பது முறையல்ல. ஹெரால்டின் சேசிஸில் நடுவே இரண்டு நீளச் சட்டங்களும், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும் உண்டு. காரின் உடல் அந்தக் கைகளின் நுனியில்தான் உட்காரும். என் காரில் பின்பக்கத்துக் கைகள் இரண்டும் துருவில் அப்பளமாக நொறுங்கின. புதிய தகட்டில் வளைத்துச் செய்து, உடலைத் தூக்கி வைத்துவிட்டு, வெறும் சேசிஸில் இரண்டையும் ஒரே நாளில் வெல்டு செய்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. பிறகு உடலை இறக்கிப் பூட்டி இடப்பக்கக் கதவைச் சாத்தினால், கதவின் பின்நுனி ஒரு விரற்கடை கீழே நின்றது, கொக்கி மாட்டவே இல்லை. வெல்டிங் சூட்டில் தகடு தன்பக்கம் இழுத்துக்கொண்டதே காரணம். ஒரு கையை வெட்டினால், உடலைப் பூட்டிய நிலையிலேயே அளவு பிடித்து, அதை முடித்த பிறகே அடுத்த கையைத் தொட வேண்டும் என்பது அனுபவசாலிகள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. நான் அவர்களிடம் கேட்கவில்லை. செய்ததை அறுத்து எறிந்துவிட்டு மறுபடி செய்ததில் இரண்டரை மாதங்கள் போயின. எஞ்சிய சிறு கோணலை, உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவே மெல்லிய தகடுகள் வைத்துச் சரிக்கட்டினோம். தொழிற்சாலையிலும் அப்படித் தகடு வைத்தே கதவிடைவெளியைச் சீராக்கினார்கள் என்பது ஓர் ஆறுதல்.

இஞ்சின் வேலை இதைவிட எளிதாக முடிந்தது. 948 சி.சி., நான்கு சிலிண்டர், 63 மி.மீ. போர், 76 மி.மீ. ஸ்ட்ரோக், ஏறத்தாழ 35 குதிரைத்திறன் கொண்ட எளிய இஞ்சின். கிளட்ச்சை ஒருவர் மிதிக்க, இன்னொருவர் முன்னால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் நுனியில் உள்ள புல்லியைக் கவனித்தால் இதன் உடல்நிலை தெரிந்துவிடும்: புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால், கிராங்க்கை முன்பின் அசையாமல் தாங்கும் அரைவட்ட வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அப்படியே விட்டால் அவை ஒரு நாள் கழன்று ஆயில் தொட்டிக்குள் விழும். அதன் பிறகு பிளாக்கையே அரைத்துவிடும். என்னுடையதில் வாஷர்கள் விழவில்லை, ஆனால் விளிம்பில் நின்றன. அம்பத்தூரில் ஒரு லேத்துப் பட்டறையில் ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டர்களைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, ஈயமில்லாப் பெட்ரோலைத் தாங்கும் கடினமான வால்வு சீட்டுகளையும் போட்டுக்கொண்டோம். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றியாக வேண்டும். பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உதிரிபாகங்களில் சில புதுப்பேட்டையில் கிடைத்தன. டிரனியனும் தண்டும் இங்கிலாந்திலிருந்து வந்தன. அங்கே இவற்றை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சுங்கவரியும் அஞ்சல் செலவும் சேர்ந்து பொருளின் விலையையே எட்டிப் பிடித்தன. மொத்தச் செலவு என்ன என்று கேட்பவர்களுக்கு, காரின் விலையைப் போல ஐந்து மடங்கு என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அப்பாவுக்கு மூன்று மடங்கு என்று சொல்லியிருக்கிறேன்.

பழுதுபார்த்தவர்கள் விட்டுச் சென்ற எல்லாவற்றையும் நான் நீக்கிவிடவில்லை. டைனமோவுக்குப் பதிலாக யாரோ மாருதி 800இன் ஆல்டர்னேட்டரை வெகு நேர்த்தியாகப் பொருத்தியிருந்தார். இரவில் முகப்பு விளக்கு மங்காமல் எரிவது அவர் புண்ணியம். கதவின் உட்புறத்தில் மருத்துவர் தம் கைப்பையைத் தொங்கவிட அடித்திருந்த பித்தளைக் கொக்கியும் அப்படியே இருக்கிறது. பெயிண்டைப் பொறுத்தவரை, பட்டியைச் சுரண்டியபோது மூன்று நிறங்களுக்கு அடியில் பழைய வெளிர்நீலம் வந்தது. நண்பர்கள் இரட்டை நிறம் கேட்டார்கள். சிவப்பும் வெள்ளையும் அழகுதான். ஆனால் சேசிஸின் கைகளைப் புதிதாகச் செய்த பிறகு, நிறத்தையாவது தொழிற்சாலை கொடுத்தபடி விட்டுவைக்கலாம் என்று தோன்றியது.

பதிவுச் சான்றிதழ் வேலை தனிக்கதை. முதலில் வாரிசுப் பெயருக்கு 31ஆம் எண் படிவம், பிறகு விற்பனைக்கு 29உம் 30உம். 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கென 2021இல் வந்த 'வி.ஏ.' பதிவு முறையையும் யோசித்தேன். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு செல்லுபடி, முன்பே பதிவான கார் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் காரைச் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. காய்கறி வாங்கப் போக முடியாத கார் எனக்கு எதற்கு? சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் முதன்முறையாகத் தன் சக்கரங்களில் எங்கள் தெருவுக்கு வந்தது. தெரு முட்டுச்சந்து. அப்பாவின் காரைத் திருப்ப முன்னும் பின்னும் மூன்று முறையாவது எடுக்க வேண்டும். ஹெரால்டுக்குத் திரும்ப 25 அடி விட்டம் போதும். கடைசி வீட்டின் முன் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தேன். அந்தக் கணத்தில் என் நினைவெல்லாம் இடப்பக்கத் தண்டின் கழுத்தில்தான் இருந்தது. கார் ஒரே வட்டத்தில் திரும்பி வாசலுக்கு வந்து நின்றது. அப்பா வெளியே வந்து, இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்கச் சொல்லிச் சாவியைக் கேட்டார். பாய் அதற்குள் எண்ணெய் கன்னை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தின் அருகே குந்தியிருந்தார்.