மணலில் ஓடும் சக்கரம்

மார்ச் 4, செவ்வாய், வெள்ளவத்தை, கொழும்பு

தங்கச்சிக்குக் கேட்ட சக்கர நாற்காலி இன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறார்கள்.

மார்ச் 5, புதன்

அத்தையின் மாடியில் லிப்ட் இருக்கிறது. தங்கச்சி காலையில் தானே இறங்கிப் போய்ப் பத்திரிகை வாங்கி வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. இரவல் நாற்காலிதான். இதே நாற்காலி ஊரில் வாசலைத் தாண்டினால் நின்றுவிடும். முன்னாலுள்ள சின்னச் சக்கரங்கள் இரண்டும் மணலில் புதைந்துவிடும். கேட்டிருப்பது மூன்று சக்கர நாற்காலி: முன்சக்கரம் ஒன்றுதான், கால்களுக்கு அப்பால் நன்றாக முன்தள்ளி இருக்கும். பின்னால் சைக்கிள் டயர்; காற்றுப் போனால் சந்திக் கடையிலேயே ஒட்டுப் போடலாம்.

மார்ச் 7, வெள்ளி

நாற்காலி இருக்கிறது, மெத்தை இல்லை. மெத்தையில்லாமல் வாங்க மாட்டேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவளுக்குத் தொய்ந்த துணி இருக்கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஒரே இடம் அழுந்தி வந்த அந்தப் புண் ஆற ஒரு மாரி முழுவதும் போனது. இப்போது தொலைக்காட்சியில் விளம்பரம் வரும்போதெல்லாம் இரு கைகளையும் ஊன்றி உடம்பை உயர்த்திப் பிடிக்கிறாள். கதை தொடங்கியதும் மெல்ல இறங்குகிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

மாதர் சங்கப் பொதுக்கூட்டம் 16ஆம் திகதி. பொருளாளர் பதவிக்குத் தங்கச்சி கேட்கப் போகிறாள். சங்கத்தின் கணக்கை இப்போதும் இவள்தான் வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கிறாள், கையெழுத்து இன்னொருவருடையது.

மண்டபத்துக்கு மூன்று படி. “பிள்ளையை நாங்கள் தூக்கிக்கொண்டு போவோமே” என்கிறார் தலைவி. நல்ல மனம்தான். தங்கச்சி தொலைபேசியிலேயே சொல்லிவிட்டாள்: “தூக்கி வைத்தால், நான் எப்போது வீட்டுக்குப் போவது என்பதையும் நீங்கள்தானே அக்கா தீர்மானிப்பீர்கள்?”

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996இல் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போகவர வழி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2016இல் அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் நாடு ஏற்றுக்கொண்டது. அந்த மண்டபம் இதற்கெல்லாம் பிறகு கட்டியது! படி கட்டிய கையோடு பக்கத்தில் ஒரு சரிவு கட்ட எவ்வளவு சீமெந்து போயிருக்கும்? கோபத்தில் நித்திரை வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

படி மூன்றும் சேர்ந்து ஒன்றரை அடி என்று சித்தப்பா அளந்து சொன்னார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடிச் சரிவு என்றால் பதினெட்டடி நீளம் வேண்டும். முன்னால் பத்தடிதான் இருக்கிறது, அப்பால் கிணறு.

மார்ச் 11, செவ்வாய்

சுவரோரமாகத் திருப்பினால் வரும். திரும்பும் இடத்தில் ஐந்தடிச் சதுரத் தட்டு விட வேண்டும். கீறி அனுப்பினேன். சித்தப்பா பார்த்துவிட்டார், பதில் இல்லை.

மார்ச் 12, புதன்

மெத்தை வந்துவிட்டது. காலி வீதி நடைபாதையில் அவளே உருட்டிப் பார்த்தாள். நாளைக் காலை கடற்கரை மணலில்.

மார்ச் 13, வியாழன்

ஓடுகிறது! ஈர மணலில் ஒரே மூச்சில், காய்ந்த மணலில் கொஞ்சம் திணறி, ஆனாலும் ஓடுகிறது.

இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நாற்காலி பின்பெட்டிக்குள் போகுமா என்று அளவு கேட்டேன். கொண்டுவந்து பாருங்கள் என்கிறார் நடத்துனர். சித்தப்பா இன்னும் போனை எடுக்கவில்லை.