வெறுங்கையோடு ஏறும் மலை

தாய்லாந்துக்குச் செல்லும் நம்மவர்களில் பலர் பாங்காக்கின் மரகத புத்தர் ஆலயத்தைத் தரிசித்து, பட்டாயாவையோ புக்கெட்டையோ சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாங்காக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவில், தாய்லாந்து வளைகுடாவின் மேற்குக் கரையில் இருக்கும் பிரசுவாப் கிரி கான் அவர்கள் பட்டியலில் இடம்பெறுவதில்லை. தெற்கு நோக்கிச் செல்லும் ரயில்கள் அந்தச் சிறிய நிலையத்தில் நின்று புறப்படுகின்றன. இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். நிலையத்திலிருந்து கிழக்கே செல்லும் சாலையில் சிறிது தூரம் நடந்தாலே கடல் வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் தாய்லாந்து மிகவும் ஒடுங்கிவிடுகிறது. கடற்கரையில் நின்று மேற்கே திரும்பினால் தெரியும் மலைத்தொடரின் முகட்டிலேயே மியான்மர் எல்லை ஓடுகிறது. கடலுக்கும் எல்லைக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். ஊருக்கு முன்னால் பிறை வடிவில் ஒரு விரிகுடா; வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இன்னும் இரண்டு. கரையோரம் வலைத் தட்டிகளில் கணவாய் மீன் காய்கிறது. இருட்டியதும் கணவாய் பிடிக்கச் செல்லும் படகுகளின் பச்சை விளக்குகள் அடிவானத்தில் வரிசையாகத் தெரிகின்றன. வார இறுதி மாலைகளில் கடலோரச் சாலையில் போடும் சந்தையைத் தவிர, ஊரில் ஆரவாரம் என்று சொல்ல எதுவும் இல்லை.

கடலோரச் சாலையின் வடகோடியில் திடீரென்று எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுதான் காவ் சோங் கிரசோக். அதன் ஒரு பக்கத்தில் பாறை இயற்கையாகவே குடைபட்டு வானம் தெரியும் அளவுக்குத் துளை விழுந்திருக்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது மலையில் பதித்த முகக்கண்ணாடி போல மின்னுவதால், மலைக்கும் கண்ணாடியின் பெயரே அமைந்துவிட்டது. அடிவாரத்தில் வாட் தம்மிகாராம் என்ற அரச மரியாதை பெற்ற பௌத்த மடாலயம் இருக்கிறது. அதன் வளாகத்தை ஒட்டித் தொடங்கும் 396 படிகள் உச்சியிலுள்ள சிறு கோயிலுக்கு இட்டுச் செல்கின்றன.

மலையேறுவதற்கு முன் விடியற்காலையில் ஊரைப் பார்ப்பது நல்லது என்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வெளிச்சம் பரவத் தொடங்கும் நேரத்தில் பிக்குகள் வெறுங்காலுடன், பிட்சாபாத்திரத்தை இரு கைகளாலும் அணைத்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடந்து வருகிறார்கள். அவர்கள் எதையும் கேட்பதில்லை, எந்த வீட்டு வாசலிலும் குரல் கொடுப்பதும் இல்லை. சோறும் சிறு பைகளில் கட்டிய குழம்பும் பழமும் வைத்துக்கொண்டு காத்திருக்கும் வீட்டார், செருப்பைக் கழற்றிவிட்டு அவற்றைப் பாத்திரத்தில் இட்டபின் தரையில் மண்டியிடுகிறார்கள். பிக்கு பாலி மொழியில் ஆசி கூறி முடிக்கும்வரை ஒருவரும் தலை நிமிர்வதில்லை. நான் பார்த்த ஓர் அம்மையார் அந்த ஆசியின்போது ஒரு சிறு செம்பிலிருந்து நீரைக் கிண்ணத்தில் மெல்ல ஒழுகவிட்டார். தாம் செய்த புண்ணியத்தை இறந்துபோன உறவினருக்கு வார்த்துக் கொடுக்கும் சடங்கு அது. தானம் கொடுக்கும்போது தாரை வார்ப்பதைக் கண்டு வளர்ந்த எனக்கு எவரும் அதற்கு விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. அந்த நீரை அவர் வீணாக்காமல் வாசலில் நின்ற செடியின் வேரில் ஊற்றினார். பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு திட உணவு கொள்வதில்லை என்பதால், ஊர் அவர்களுக்குச் சோறிட வாய்க்கும் நேரம் காலைதான். இத்தனை பெரிய தானம் இத்தனை சிறிய ஓசையோடு நடந்து முடிவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கோயிலுக்கும் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் நானும் என் மனைவியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் தாமரை மொட்டுகளும் வாங்கிக்கொண்டு மலையடிவாரத்துக்குச் சென்றோம். பூ விற்ற பெண்மணி எங்கள் பையைச் சுட்டிக் காட்டி, படிகளைக் காட்டி, பிறகு தம் கையாலேயே தம் தோளிலிருந்து எதையோ பிடுங்குவது போல நடித்துக் காட்டிச் சிரித்தார். படிகளின் தொடக்கத்திலேயே நூற்றுக்கணக்கில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. உணவோ பையோ வைத்திருப்பவரை அவை விடுவதில்லை. பழத்தையும் பூவையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டு, மனைவி காதணியைக் கழற்றிப் பத்திரப்படுத்தியபின், தண்ணீர்ப் புட்டிகூட இல்லாமல் ஏறத் தொடங்கினோம். இறைவன் சந்நிதிக்கு எதையும் கொண்டுபோகக் கூடாத மலை என்பது எனக்குப் புதிது; முதல் சில படிகளில் கைகளை என்ன செய்வது என்றே விளங்கவில்லை.

இவை நீண்ட வால் கொண்ட மக்காக் இனம். கடலோரங்களில் நண்டு பிடித்துத் தின்பதால் நண்டுண்ணும் குரங்கு என்றும் அழைப்பார்கள். அனுமனைத் தாய்லாந்து மக்களும் நன்கறிவார்கள், அவர்களுடைய முகமூடிக் கூத்தில் வெள்ளை முகத்து அனுமனுக்குத் தனிச் செல்வாக்கு உண்டு. என்றாலும் இந்த மலையில் குரங்குகளை எவரும் கும்பிடுவதாகத் தெரியவில்லை. கடிந்து விரட்டுவதாகவும் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் ஏறிய ஒருவர் சட்டைப்பையில் வைத்திருந்த மிட்டாயை ஒரு குட்டி உருவிக்கொண்டு ஓடியபோது, அவர் சற்றே திகைத்து, பிறகு பையை வெளியே இழுத்து அதில் இனி ஒன்றுமில்லை என்று மற்ற குரங்குகளுக்குக் காட்டிவிட்டு மேலே நடந்தார்.

396 படிகள் என்பது மலையேறிப் பழகியவர்களுக்குப் பெரிய எண் அன்று. ஆனால் கடலோரத்து ஈரக் காற்றும் பாறையில் ஏறும் வெயிலும் சேர்ந்துகொண்டால் நூறு படிக்கே மூச்சு வாங்குகிறது. இடையிடையே நின்று திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் விரிகுடா இன்னும் கொஞ்சம் முழுமையாகத் தெரிகிறது. கைப்பிடிக் கம்பி மனிதக் கைகளாலும் குரங்குக் கால்களாலும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அதைப் பிடிக்கப் போனால் பெரும்பாலும் அங்கே முன்பே ஒருவர் அமர்ந்திருப்பார், நாம்தான் கையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

உச்சியில் இருப்பது பெரிய கோபுரமோ விரிந்த பிராகாரமோ இல்லை. சிறிய மேடை, பொன்வண்ணம் பூசிய கூர்மையான தூபி, புத்த பாதச் சுவடு ஒன்று, நாற்புறமும் காற்று, அவ்வளவுதான். 1958ஆம் ஆண்டு மன்னர் பூமிபால் அதுல்யதேஜ் இங்கே வந்து புத்தரின் தாதுவை, அதாவது அவருடைய திருமேனியின் புனித எச்சத்தை, பிரதிஷ்டை செய்ததோடு, போதிக் கன்று ஒன்றையும் நட்டார். அரசர் வந்து சென்ற இடம் என்ற பகட்டு எதுவும் அங்கே தென்படவில்லை. கட்டணச் சீட்டும் சிறப்பு தரிசன வரிசையும் கிடையாது. பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டு அர்ச்சனை செய்ய ஆளும் கிடையாது. வேண்டுதல்களை மனத்தில் அடுக்கிவைத்துக்கொண்டு போன எனக்கு, அவற்றை எங்கே தொடங்குவது என்பதே தடுமாற்றமாக இருந்தது.

தெரிந்தது 'புத்தம் சரணம் கச்சாமி' மட்டுமே. அதைச் சொல்லிக் கண்மூடிக் கைகூப்பி நின்றேன். சற்று நேரத்தில் முழங்காலருகே ஏதோ அசைவதை உணர்ந்து கண்ணைத் திறந்தால், வயிற்றில் குட்டியைத் தாங்கிய ஒரு தாய்க்குரங்கு என் கூப்பிய கைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளங்கைகளுக்கு நடுவே எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை. ஒரு விரலை நீட்டி என் சுண்டுவிரலைத் தொட்டு, மெல்ல விலக்கவும் முயன்றது. கைகளைப் பிரித்து விரித்துக் காட்டினேன். இரண்டு உள்ளங்கைகளையும் மாறி மாறிப் பார்த்தது, முகர்ந்தது, பிறகு ஆர்வமிழந்து திரும்பிக்கொண்டது. மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் அப்பால் போய்விட்டார். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் அதன்பின் கைகூப்பியபோது கேட்பதற்கென்று வைத்திருந்த எதுவும் நாவில் வரவில்லை, வராததில் குறையும் தோன்றவில்லை. ஒன்றும் கொண்டுபோகாமல், ஒன்றும் கேட்காமல் ஒரு சந்நிதியில் நின்ற அனுபவம் எனக்கு அந்த மலையில்தான் வாய்த்தது.

மேடையின் கிழக்கு விளிம்பில் நின்றால் விரிகுடாவும் அதில் மிதப்பவை போன்ற தீவுகளும், தெற்கே காவ் லோம் முவாக் என்ற குன்றும், அதன் அடியில் எலுமிச்சையின் பெயர் கொண்ட ஆவ் மனாவ் கடற்கரையும் தெரிகின்றன. அந்தக் கரையை ஒட்டி விமானப்படைத் தளம் இருக்கிறது. 1941 டிசம்பர் 8 விடியலில் ஜப்பானியப் படை இங்கே கரையிறங்கியபோது, தளத்திலிருந்த தாய்லாந்து வீரர்கள் போர் நிறுத்த ஆணை வந்து சேரும்வரை, மறுநாளும் எதிர்த்துப் போரிட்டார்கள். இன்று அதே தளத்தின் வழியாகத்தான் குடும்பங்கள் கடலில் குளிக்கச் செல்கின்றன.

இறங்கி வந்ததும் பூக்காரப் பெண்மணியிடமிருந்து தாமரை மொட்டுகளைத் திரும்பப் பெற்று, மூன்று ஊதுபத்தி, ஒரு மெழுகுவத்தி, தங்க இலைத் துண்டு ஆகியவற்றையும் வாங்கிக்கொண்டு கீழுள்ள மடாலயத்துக்குச் சென்றோம். மூன்று பத்திகள் புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளுக்கு உரியவை. தங்க இலை என்பது இரண்டு காகிதங்களுக்கு நடுவே வைத்த, மூச்சுப் பட்டாலே சுருண்டுவிடும் மெல்லிய ஏடு. காகிதத்தோடு சிலைமீது ஒற்றி, விரலால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஆயிரமாயிரம் பேர் அப்படி ஒட்டிய ஏடுகளால் அந்தச் சிலையின் முகமே சொரசொரப்பாகித் தடித்திருந்தது. பிய்ந்த ஓரங்கள் மின்விசிறிக் காற்றில் படபடத்தன. என்னுடைய ஏட்டில் பாதி சிலையிலும் பாதி என் கட்டைவிரலிலும் ஒட்டிக்கொண்டது. அருகில் மண்டியிட்டிருந்த முதியவர் அதைக் கவனித்து, விரலைத் துடைக்க வேண்டாம், நெற்றியில் தடவிக்கொள் என்று சைகை காட்டினார். திருநீறு பூசும் நெற்றிதானே, தயக்கமின்றித் தடவிக்கொண்டேன். வாழைப்பழங்களைப் பிக்கு ஒருவரிடம் கொடுக்க மனைவி கையை நீட்டியபோது, அவர் ஒரு துணியை முன்னால் விரித்தார். பெண்களின் கையிலிருந்து நேரடியாக எதையும் வாங்கக் கூடாதென்பது அவர்களுடைய விதி. துணியில் வைத்த பழத்தை எடுத்துக்கொண்டு, நீண்ட ஆசியொன்றைக் கூறினார்.

இந்த ஊருக்கு இன்றைய பெயரைச் சூட்டியவர் நான்காம் ராமா எனப்படும் மன்னர் மோங்குட். அரியணை ஏறுவதற்கு முன் 27 ஆண்டுகள் பிக்குவாக வாழ்ந்தவர் அவர். வினயம் எனப்படும் துறவற விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் தம்மயுத் பிரிவைத் தோற்றுவித்தவரும் அவரே. வானியலிலும் தேர்ந்திருந்த அவர், 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் தெரியும் இடத்தை முன்கூட்டியே கணித்து, ஊருக்குத் தெற்கே உள்ள வாகோ என்ற கடலோரச் சிற்றூரில் முகாமிட்டு, ஐரோப்பிய விருந்தினர்களையும் அழைத்து அதைக் காட்டினார். நிழல் விழுந்த அதே பாதையில்தான் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரும் இருந்தது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் அங்கிருந்து அதே கிரகணத்தை ஆராய்ந்தார். கணிப்பில் வென்ற மன்னர் வாகோவின் சதுப்பு நிலத்தில் மலேரியா கண்டு, அக்டோபர் 1 அன்று காலமானார். வாகோவில் இப்போது அவர் நினைவாக அறிவியல் பூங்கா இருக்கிறது. குழந்தைகளோடு செல்பவர்கள் தவறவிட வேண்டாம்.

வடக்கு விரிகுடாவான ஆவ்நொய்க் கரையில் தேக்கு மரத்தால் கட்டிய அழகிய கோயில் ஒன்றும், அருகிலுள்ள குன்றின் குகைக்குள் பள்ளிகொண்ட நிலையில் புத்தர் திருவுருவமும் உண்டு. குகைக்குக் கைவிளக்கு எடுத்துச் செல்லுங்கள். நின்ற, அமர்ந்த புத்தர்களையே பார்த்து வந்த கண்ணுக்கு, இருட்டில் விளக்கொளி நகர நகரப் பாதம் முதல் முகம் வரை சிறிது சிறிதாகத் தெரியும் அந்தத் திருமேனி அரங்கனை நினைவூட்டாமல் இருக்காது.

செல்ல விரும்புவோர் மலையை வெயிலுக்கு முன்போ, மாலை நான்கு மணிக்குப் பிறகோ ஏறலாம். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். புத்தர் முன்னிலையில் அமரும்போது பாதங்கள் அவரை நோக்கி நீளாமல் மடக்கிக்கொள்ள வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைக் கயிற்றில் மாட்டிக்கொள்வது நல்லது. சைவ உணவுக்கு 'ஜே' என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்திட்ட கொடி தொங்கும் கடைகளில் இறைச்சியும் மீன் சாறும் சேர்ப்பதில்லை, பூண்டு வெங்காயமும் அங்கே கிடையாது. படியேற இயலாத பெரியவர்கள் அடிவாரத்து மடாலயத்திலேயே மலரும் பத்தியும் சாத்தி வழிபடலாம். உச்சிக்குக் கொண்டுபோக முடியாத பொருள்களையெல்லாம் எப்படியும் எல்லோரும் அங்கேதான் செலுத்துகிறார்கள்.