குனோங் ஆப்பியின் பினாக்கல்ஸ் ஏற்றம்: சுங்கை சிப்புட்டிலிருந்து போய்வந்த அனுபவம்

சுண்ணாம்புக்கல் மலையைப் பார்க்கக் கடல் தாண்டி போர்னியோ தீவில் உள்ள சரவாக் வரை போக வேண்டுமா என்று எங்கள் ஊரான பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்களைக் கேட்காதவர்கள் குறைவு. கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. செம்மோர் பக்கம் போனால் சிமெண்டுக்காக வெட்டப்பட்டு வெள்ளை வெளேரென்று நிற்கும் குனோங் கந்தானைப் பார்க்கலாம். தைப்பூசத்துக்குக் காவடி செல்லும் ஈப்போ கல்லுமலைக் கோயிலும் குனோங் சீரோ என்ற சுண்ணாம்புக் குன்றில்தான் அமைந்திருக்கிறது. ஆனால் இவை ஊரை ஒட்டிய குன்றுகள். சரவாக்கின் முலு தேசியப் பூங்காவில் இருக்கும் குனோங் ஆப்பியோ 1,700 மீட்டருக்கும் மேல் உயர்ந்த சுண்ணாம்பு மலை. அதன் சரிவில், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில், மரங்களையும் மீறி 45 மீட்டர் வரை கூர்கூராக எழுந்து நிற்கும் பாறைகளைத்தான் பினாக்கல்ஸ் என்கிறார்கள். இந்த ஏற்றம் மலையின் உச்சி வரை போவதில்லை. இந்தப் பாறைகளைப் பார்க்கும் இடத்தோடு பாதை முடிந்துவிடுகிறது.

போக விரும்புபவர்கள் முதலில் விமான டிக்கெட் வாங்காமல், மலையடியில் உள்ள ஐந்தாம் முகாமில் இடம் இருக்கிறதா என்று பூங்கா அலுவலகத்திடம் கேட்டுவிடுவது நல்லது. முகாமில் படுக்கைகள் குறைவு. வழிகாட்டி இல்லாமல் ஏறவும் முடியாது. இரண்டும் உறுதியான பிறகு, சரவாக்கின் மீரி நகரிலிருந்து முலுவுக்குச் செல்லும் சிறிய விமானத்துக்குப் பதிவு செய்தால் போதும். மீரியில் இறங்கியதும் எங்களைப் போன்ற தீபகற்ப மலேசியர்கள் குடிநுழைவுச் சோதனையைக் கடக்க வேண்டும். மைகார்டு என்னும் அடையாள அட்டையை நீட்டியபடி, "நம் நாட்டுக்குள்ளேயே இது என்ன தம்பி?" என்று எங்களோடு வந்த பணி ஓய்வு பெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) அண்ணன் கேட்டார். 1963இல் மலேசியா உருவானபோது சரவாக் தன்னிடம் வைத்துக்கொண்ட உரிமை அது என்று வரிசையில் நின்றபடியே விளக்க வேண்டியிருந்தது.

பூங்காவிலிருந்து நீண்ட படகில் மெலினாவ் ஆற்றை எதிர்த்துக் கோலா லிதுட் வரை போய், அங்கிருந்து 8.8 கிலோமீட்டர் நடந்தால் ஐந்தாம் முகாம் வந்துவிடும். பாதை பெரும்பாலும் சமதரைதான், அட்டைதான் தொல்லை. செம்பனைக் காட்டில் வளர்ந்த எங்களுக்கு அது புதிதில்லை. புகையிலையை ஊறவைத்த தண்ணீரைக் காலுறையில் தடவிக்கொண்டோம். ஒரு காலத்தில் காயான் என்ற பழங்குடியின் போர்ப்படையினர் இந்த ஆற்றின் வழியாக மேலேறி, மெலினாவ் பள்ளத்தாக்கிலிருந்து படகுகளைக் காட்டுக்குள் இழுத்துச் சென்று, தெரிக்கான் ஆற்றில் இறக்கி, லிம்பாங் பகுதி மக்களைத் தாக்கினார்களாம். தலைவேட்டையர் பாதை என்ற பெயரில் இன்று சுற்றுலாப் பயணிகள் நடப்பது அந்த வழியில்தான்.

வெளியார் இங்கே பட்ட பாட்டையும் தெரிந்துகொண்டு போனால் நல்லது. புருணையில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஸ்பென்சர் செயின்ட் ஜான் 1858இல் பக்கத்து மலையான முலுவில் ஏற முயன்று, சுண்ணாம்புப் பாறைச் சுவர்களையும் அடர்காட்டையும் தாண்ட முடியாமல் திரும்பினார். காண்டாமிருக வேட்டைக்குப் போன தாமா நிலோங் என்ற பெராவான் இனத்தவர் 1920களில் கண்டுபிடித்த மலைமுகட்டு வழியாகத்தான், 1932இல் எட்வர்ட் ஷாக்கிள்டனின் ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் முலு உச்சியை எட்டினார்கள். வேட்டைக்காரர் கண்ட வழிக்கு மாணவர்கள் பெயர் வாங்கிக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். முலு மணற்கல்லும் களிப்பாறையுமான மலை என்பதால் அதில் மண் தங்குகிறது, கால் ஊன்ற இடம் கிடைக்கிறது. ஆப்பியில் அதற்கும் வழியில்லை.

ஏற்றப் பாதையின் நீளம் 2.4 கிலோமீட்டர்தான், அதற்குள் 1,200 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முதல் 900 மீட்டரை ஒரு மணி நேரத்தில் கடக்காதவர்களையும், ஏணிகள் தொடங்கும் இடத்துக்குக் காலை 11 மணிக்குள் வராதவர்களையும் வழிகாட்டி திருப்பி அனுப்பிவிடுவார். இருட்டிலேயே புறப்பட்டோம். மழைநீர் காற்றிலும் இலைமக்கிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகி, பாறையின் செங்குத்து வெடிப்புகளை அரித்துக்கொண்டே போவதால், கை வைக்கும் இடமெல்லாம் தேங்காய் துருவியின் பல்லைப் போல இருக்கிறது. தடித்த கையுறை இல்லாமல் எந்தக் கல்லையும் பற்ற முடியாது. என் கையுறையின் விரல்நுனிகள் பாதி வழியிலேயே கிழிந்து தொங்கின. இவ்வளவு மழை பெய்யும் மலையில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஏனென்றால் விழும் நீரெல்லாம் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியில் 200 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கிளியர்வாட்டர் குகைத் தொகுதிக்குப் போய்விடுகிறது. ஆகவே முழு நாளுக்குமான நீரைச் சுமந்தே ஏற வேண்டும்.

கிராணி அண்ணனை வழிகாட்டி முதல் எல்லையிலேயே நிறுத்திவிட்டார். "அபாங் (அண்ணா), ஏறுவதைவிட இறங்கத்தான் நேரம் பிடிக்கும்" என்று மலாயில் பணிவாகச் சொன்னார். ஆனால் முடிவை மாற்றவில்லை. எனக்கு அப்போது அது கொஞ்சம் கறாராகத்தான் பட்டது. அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் தன் தண்ணீர்ப் புட்டிகளை எங்களிடம் கொடுத்துவிட்டு, துணைக்கு ஒருவருடன் கீழே இறங்கினார்.

கடைசி 400 மீட்டரில் அலுமினிய ஏணிகளும் கயிறுகளும் பாறைகளுக்கு இடையே மாறி மாறி வருகின்றன. சில ஏணிகள் பிளவின் மேல் படுக்கைவாக்கில் கிடக்கின்றன. பாசிக்கிடையே குடுவைத் தாவரங்கள் தொங்குகின்றன. குனிந்து பார்த்த ஒன்றில் எறும்புகள் மிதந்தன. மேலே மேகம் விலகும்வரை காத்திருந்து, சாம்பல் நிறப் பாறைக் கூட்டத்தைப் பார்த்து, படம் எடுத்து, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். அங்கே அதிக நேரம் இருக்க விடமாட்டார்கள்.

இறக்கத்தில்தான் அந்த நேரக்கட்டுப்பாட்டின் பொருள் விளங்கியது. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த வேரிலும் கல்லிலும் ஒவ்வோர் அடியையும் சோதித்தே வைக்க வேண்டியிருந்ததால், ஏறியதைவிட இறங்க அதிக நேரமானது. எங்களில் கடைசியாக வந்தவர் முகாமைத் தொட்டபோது விளக்கேற்றும் நேரம். அண்ணனையும் மேலே அழைத்துப் போயிருந்தால் அவரை ஏணிகளில் இருட்டில்தான் இறக்கியிருக்க வேண்டும். அவரோ ஆற்றில் குளித்து முடித்து எல்லோருக்கும் மைலோ கலக்கி வைத்திருந்தார். மறுநாள் அதே 8.8 கிலோமீட்டரை முழங்கால் வலியோடு நடந்து படகுக்குத் திரும்ப வேண்டும் என்பதால், விமானத்தை அன்றைக்கே வைத்துக்கொள்ளாமல் பூங்காவில் இன்னோர் இரவு தங்குவதற்கும் சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள்.