சத்தம் கேக்குது, பேச்சு வெளங்கல

காரைக்குடிப் பக்கம் மைக் செட் போடுகிறவனிடம் சத்தத்தை அளக்கும் டெசிபலை யாரும் கேட்பதில்லை. "எத்தனை வாட்ஸ் தம்பி?" என்றுதான் கேட்பார்கள். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்று நினைப்பு. கூடுவது 3 டெசிபல்தான். கவனித்துக் கேட்டால்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதாவது 100 வாட்ஸ் ஓடும் இடத்தில் 1,000 வாட்ஸ். கல்யாண வீட்டில் இதையெல்லாம் விளக்க முடியுமா? சரிங்க என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

செட்டிநாட்டு வீடு மைக்காரனுக்குச் சோதனை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழுவழுவென்று இழைத்த சுண்ணாம்புச் சுவர். இரண்டுமே சத்தத்தை வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அடிக்கும். வளவு பரவாயில்லை, நடுவில் வானம் திறந்திருப்பதால் மேலே போன சத்தம் போனதுதான். மூடிய ஹாலில்தான் கும்மென்று சுழலும். காலையில் ஆளில்லாமல் டெஸ்ட் செய்யும்போது இரையும் ஹால், ஜமுக்காளம் விரித்துச் சனம் உட்கார்ந்ததும் பெருமளவு அடங்கிவிடும்.

அப்படி ஒரு ஹாலில் அறுபதாம் கல்யாணம். வாழ்த்துரை ஓடிக்கொண்டிருந்தபோது முன்வரிசை ஆச்சி ஒருவர் கூப்பிட்டார். "சத்தம் நல்லாத்தான் கேக்குது தம்பி, என்ன பேசுறாகன்னுதான் வெளங்கல." என்னுடன் வந்த பையன் உடனே வால்யூமைக் கூட்டப் போனான். நிறுத்தினேன். பேச்சின் பலம் உயிரொலிகளில் இருக்கிறது. அது பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 1,000 அதிர்வுக்கு, கீழே. சொல்லைப் பிரித்துக் காட்டுகிற ச, த, க போன்றவை மெலிந்த ஒலிகள். அவற்றின் அடையாளம் பெரிதும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கிடக்கிறது. வயதானால் காது முதலில் இழப்பது அந்த மேல்பக்கத்தைத்தான். அப்புறம் 'கடை'யா 'தடை'யா என்று எப்படித் தெரியும்? மொத்தமாகக் கூட்டினால் பேஸ் என்கிற கீழ்ப்பக்கமும் ஏறி, மெலிந்ததை அமுக்கிவிடும். ஈக்வலைசரில் பேஸைக் குறைத்து, 3,000 பக்கம் லேசாகத் தூக்கினேன். மிக்சரில் சத்தத்தின் அளவு காட்டும் மீட்டர் இறங்கியது. ஆச்சியோ, "இப்பத்தான் சத்தமாக் கேக்குது" என்றார்.

இந்த வீடுகளின் நீளம் இன்னொரு தொல்லை. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்னால் இருப்பவர்களுக்குத் தனி பாக்ஸ் வேண்டும். ஆனால் வயரில் போவது உடனே வந்துவிடும். முன் பாக்ஸிலிருந்து காற்றில் வருவதற்கு 17 மீட்டருக்கு 50 மில்லி செகண்டு ஆகும். இரண்டும் மோதிப் பேச்சு குழம்பும். அதனால் பின் பாக்ஸுக்கு அந்த 50-உம், மேலே ஒரு 10, 15-உம் சேர்த்து டிலே கொடுத்து, அவ்வளவு பிந்தி ஒலிக்க வைப்பேன். முதலில் வந்த சத்தத்தின் திசையையே காது பிடித்துக்கொள்ளும். சற்றுப் பிந்தி வருவது கொஞ்சம் உரக்க இருந்தாலும் தனியாகத் தெரியாது. 1949-இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் ஆராய்ந்து சொன்னது இது.

இதில் எனக்கு ஒரு நஷ்டமும் உண்டு. "பின்னாடி பாக்ஸ் ஓடவே இல்லையே, அதுக்கு எதுக்கு வாடகை?" என்பார் வீட்டுக்காரர். வாதாடுவதில்லை, அதை மட்டும் ஒரு நொடி நிறுத்துவேன். பின்வரிசை மொத்தமும் திரும்பி என்னை முறைக்கும்.