மலையேறிய எஸ் டிரைவ்

தேயிலைத் தோட்ட ஆபீஸ்களிலிருந்து எனக்கு வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “தம்பி, எஸ்ஸைக் காணவில்லை.”

எஸ் என்பது கொழும்புத் தலைமை அலுவலகத்துச் சேர்வரில் இருக்கும் பொதுக் கோப்புறை. செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேடு, கொழுந்து நிறை, உர இருப்பு, ஊழியர் சேமலாப நிதிப் பட்டியல், தோட்டத்தை நடத்தும் துரைமாருக்கு வரும் சுற்றறிக்கைகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. தோட்டத்துக் கணினியில், இணையத்துக்குள்ளேயே தலைமை அலுவலக வலைக்குத் தனிப்பாதை போடும் வி.பி.என். இணைப்பைப் போட்டதும் அது ஒரு டிரைவாக வந்து நிற்க வேண்டும். நிற்காத நாளில் பெரிய கிளாக்கர் என்னைத் தேடுவார். நான் ஹட்டனில் இருந்துகொண்டு ஒரு பெருந்தோட்டக் கம்பெனியின் கணினி வேலைகளைப் பார்ப்பவன். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை, அப்கொட் பக்கத்துத் தோட்டங்கள் என் பொறுப்பு.

தோட்டக் கணக்கு கொழும்புக்குப் போவது புதிதல்ல. ஏஜென்சிக் கம்பெனிகள் நிர்வகித்த காலத்திலும் போயிற்று. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் வந்த பிறகும் போகிறது. ஆனால் அப்போதெல்லாம் பேரேடு தோட்டத்திலேயே இருந்தது, பிரதிதான் மலையிறங்கியது. இப்போது பேரேடே கொழும்பில் இருக்கிறது. இங்கே இருப்பவர் அதைத் தொட வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ அங்கே போய்வர வேண்டும். என்னிடம் வந்த தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த ஏற்பாட்டிலிருந்தே முளைத்தவை என்பது எனக்குப் பிடிபடச் சில வருடங்கள் ஆயின. அதுவரை ஒவ்வொரு கோளாறையும் தனித்தனியாகத் துரத்திக்கொண்டிருந்தேன்.

முதல் சிக்கல் கணினியிலேயே இல்லை. பல தோட்டங்களில் கணினி இருக்கும் அறையில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. சிக்னல் இருக்கும் இடத்தில் கணினி கிடையாது. அப்கொட் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் கிளாக்கர், காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்து ஓரம் நின்று என்னோடு பேசுவார். உள்ளே இன்னொருவர் விசைப்பலகை முன் உட்கார்ந்திருப்பார். நான் சொல்வதை இவர் உரத்துச் சொல்ல, அவர் தட்டுவார். திரையில் வந்ததை அவர் கத்த, இவர் எனக்குச் சொல்வார். ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்தி இந்த இரண்டு வாய்களைக் கடந்து என்னிடம் வரும்போது வேறொரு செய்தியாகியிருக்கும். அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். செய்தியை வாசிக்க வேண்டாம், எண்ணை மட்டும் சொல்லுங்கள். 53 என்றால் சேர்வருக்குப் போகும் பாதை கிடைக்கவில்லை. 86 என்றால் கடவுச்சொல் தவறு. 5 என்றால் ஆள் சரி, அனுமதி இல்லை. 1219 என்றால் அதே சேர்வருக்கு வேறொருவர் பெயரில் ஏற்கெனவே ஓர் இணைப்பு திறந்து கிடக்கிறது. சில நேரம் திரையில் 0எக்ஸ்80070035 என்று நீளமாக வரும். அதுவும் நம் 53தான், கடைசி 35ஐப் பதினாறின் அடிமானத்திலிருந்து மாற்றிப் பார்த்தால் தெரியும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மொனிட்டருக்கு மேலே ஒட்டச் சொன்னேன். கொஞ்ச நாளில் கிளாக்கர்மார், “தம்பி, இன்றைக்கு எண்பத்தாறு” என்று நோயின் பெயர் சொல்வதுபோல் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

எண்பத்தாறில் பேசுவதற்கு அதிகம் இல்லை. கடவுச்சொல்லின் காலம் முடிந்து புதிய சொல் வைத்திருப்பார்கள். மடிக்கணினி மட்டும் பழைய சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே விடும், சேர்வர் விடாது. டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுவதும் அப்படித்தான். விண்டோஸ் திறக்கும்போதே எஸ்ஸைத் தேடுகிறது, வி.பி.என். அதற்குப் பிறகுதான் போடப்படுகிறது. தேடிய நேரத்தில் பாதை இல்லை, குறி விழுந்துவிட்டது. பாதை வந்த பின் அதை இருமுறை அழுத்தினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

ஐம்பத்து மூன்று அப்படியல்ல. 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டார்கள். தோட்டங்களில் வேலை நின்றுவிடவில்லை, சம்பளமும் நிற்க முடியாது. ஹட்டன் பிராந்திய அலுவலகத்தின் கணக்காளர் கொட்டகலையில் தன் வீட்டிலிருந்து செக்ரோலை முடிக்க வேண்டிய நிலை. மனிதர் ஒழுங்கானவர், நான் கேட்பதற்கு முன்பே எல்லாம் பார்த்து வைத்திருந்தார். வி.பி.என். இணைந்துவிட்டது என்கிறது. இணையம் ஓடுகிறது. எஸ் மட்டும் 53. சேர்வரின் பெயருக்குப் பதிலாக 192.168.1.10 என்ற முகவரியையே போட்டுப் பார்த்தார், அதுவும் 53. அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று காட்டும் பிங் கட்டளையை அடிக்கச் சொன்னேன்.

“பதில் வருகிறது தம்பி. நன்றாக வருகிறது. மூன்று மில்லி செக்கன்.”

அந்த மூன்றுதான் காட்டிக்கொடுத்தது. கொட்டகலையிலிருந்து நான்காம் தலைமுறைச் சிக்னலில் கொழும்புக்குப் போய்த் திரும்ப மூன்று மில்லி செக்கன் போதாது. பதில் சொன்னது கொழும்பு அல்ல. வீட்டு ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, அதில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலை வாசிக்கச் சொன்னேன். 192.168.1.10 அவருடைய வரவேற்பறைத் தொலைக்காட்சி. காலை முழுக்க மனிதர் தன் தொலைக்காட்சியிடம் செக்ரோல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

காரணம் எளிது. தலைமை அலுவலகத்தின் உள்வலை 192.168.1 என்று தொடங்குகிறது. கடையில் வாங்கும் ரௌட்டர்களில் பலவும் அதே எண்ணோடுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. தன் வீட்டு வலையிலேயே இருப்பதாகத் தெரியும் ஒரு முகவரிக்குக் கணினி ஏன் வி.பி.என். பாதையில் இறங்கப்போகிறது? அன்றைக்கு வீட்டு ரௌட்டரின் எண் வரிசையை 192.168.77 என்று மாற்றினோம், செக்ரோல் திறந்தது. ஆனால் ஊரடங்கில் வீட்டுக்குப் போன ஒவ்வொருவர் வீட்டிலும் இதையே செய்துகொண்டிருக்க முடியுமா? மாற வேண்டியது அலுவலகத்தின் எண். அங்கே பிரிண்டர், வருகைப் பதிவு இயந்திரம், கெமரா எல்லாவற்றுக்கும் அந்த எண்ணை நிரந்தரமாகக் கொடுத்து வைத்திருந்தார்கள். “அதைத் தொட்டால் எல்லாம் நின்றுவிடும்” என்று கொழும்பில் கைவிரித்தார்கள். பிறகு ஒரு நீண்ட விடுமுறையில் தொட்டார்கள். எதுவும் நிற்கவில்லை.

“இந்த வி.பி.என். தலைவலியே வேண்டாம், சேர்வரை நேராக இணையத்தில் திறந்துவிட முடியாதா?” என்று ஒரு சின்னத் துரை கேட்டார். கேள்வியில் குற்றமில்லை. ஆனால் கோப்புப் பகிர்வு நடப்பது 445ஆம் இலக்கப் போர்ட் என்ற வாசலில். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற கொள்ளை மென்பொருள் உலகம் முழுக்கப் பரவியது அந்த வழியாகத்தான். அவரிடம் அதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த வாரம் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார்.

2022ஆம் ஆண்டின் மின்வெட்டுகள் வேறொரு வகைக் கோளாறுகளை வெளியே கொண்டுவந்தன. மார்ச் கடைசியில் வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனது. நாள்கணக்கில் அணைக்கப்படாமலே ஓடிய பழைய கணினிகள் அப்போதுதான் உண்மையாகவே அணைந்தன. மதர்போர்டில் இருக்கும் நாணய அளவு பட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. மின்சாரம் வந்ததும் கணினி ஏதோ ஒரு பழைய வருடத்தில் விழித்தெழும். மஸ்கெலியாப் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் கிளாக்கர் தினமும் காலையில் திகதியையும் நேரத்தையும் தன் கையாலேயே சரிசெய்துகொண்டு வேலை பார்த்தார். அப்படியும் எஸ் திறக்கவில்லை. சொன்ன எண் 1398. கணினிக்கும் சேர்வருக்கும் நேரம் பொருந்தவில்லை என்று பொருள்.

“நேரம் சரி தம்பி. சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வைத்தேன்.”

அவர் சொன்னதும் சரி, கணினி சொன்னதும் சரி. டவுனில் ஒரு கடையில் புதிதாக விண்டோஸ் போட்டிருக்கிறார்கள். நேர வலயம் அமெரிக்கப் பசிபிக் கரையிலேயே நின்றுவிட்டது. ஆகவே கிளாக்கர் காலை எட்டு மணி என்று வைக்கும்போது, கணினி அதை அமெரிக்க மேற்குக் கரையின் எட்டு மணி என்று எடுத்துக்கொள்கிறது. உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையில் இரு பக்கக் கடிகாரங்களும் வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. இவை அரை நாளுக்கு மேல் விலகியிருந்தன. பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று இருக்கும் வலயத்தைத் தெரிவு செய்யச் சொன்னேன். பட்டரி டவுனிலேயே கிடைத்தது.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் அலைக்கழித்தது பொகவந்தலாவைப் பக்கத்து ஆபீஸ். அங்கே எந்த எண்ணும் வரவில்லை. எஸ் திறக்கும், கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரியும், ஒரு பக்கச் சுற்றறிக்கை திறக்கும். செக்ரோலைத் திறந்தால் பச்சைக் கோடு பாதியில் நின்றுவிடும். பெரிய கிளாக்கர் மழையைக் குறை சொன்னார். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். பொகவந்தலாவையில் அந்த மாதங்களில் மழை பெய்யாத நாளைத் தேடிப்பிடித்தால்தான் மழையை விடுவிக்க முடியும். அப்படி ஒரு வெயில் நாளிலும் செக்ரோல் திறக்கவில்லை.

சின்னது போகிறது, பெரியது போகவில்லை என்றால் தரவைத் துண்டு துண்டாகக் கட்டி அனுப்பும் பொதியின் அளவைப் பார்க்க வேண்டும். சாதாரண வலையில் ஒரு பொதி 1500 பைட் வரை இருக்கலாம். வி.பி.என். அதன் மேல் தன் உறையைப் போர்த்துகிறது, பொதி பெருத்துவிடுகிறது. வழியில் எங்காவது இடுக்கமான இடம் இருந்தால், “பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு” என்று ஒரு குறிப்பு திரும்பி வர வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் அந்தக் குறிப்பையே மறித்து வைக்கும் கருவிகள் உண்டு. அப்போது அனுப்பியவன் பதிலுக்குக் காத்திருப்பான், வாங்க வேண்டியவன் பொதிக்குக் காத்திருப்பான், பச்சைக் கோடு நடுவில் நிற்கும். உடைக்காதே என்ற கட்டளையோடு பிங்கை அளவு குறைத்துக் குறைத்து அனுப்பினேன். 1472 போடுவதுதான் வழக்கம். தலைப்பு 28 பைட் சேர்ந்தால் 1500. இங்கே 1300க்குச் சற்று மேலே வந்த பிறகுதான் பதில் வந்தது. வி.பி.என். இணைப்பின் பொதி அளவை 1300 என்று கட்டிப்போட்டேன். பச்சைக் கோடு மறுமுனைவரை ஓடியது. பெரிய கிளாக்கர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, “இன்றைக்கு மழையும் குறைவுதான்” என்றார்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் முறைப்பாடு நிற்கவில்லை. எஸ் வந்துவிட்டது, ஆனால் நகர மறுத்தது. இங்கேதான் நான் கோளாறு தேடுவதை விட்டுவிட்டுத் தூரத்தைப் பற்றி யோசித்தேன். பகிர்ந்த டிரைவ் என்பது ஒரே கட்டடத்துக்குள், ஒரே கம்பியில் இருப்பவர்களை நினைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடு. ஒரு கோப்பைத் திறக்க அது சேர்வரிடம் பல கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறது: இருக்கிறதா, யார் திறந்திருக்கிறார்கள், எவ்வளவு பெரிது, முதல் துண்டைக் கொடு, அடுத்ததைக் கொடு. தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து டவுன் கடைக்கு ஆளனுப்பி, சீனி இருக்கிறதா என்று கேட்டுவரச் செய்து, திரும்ப அனுப்பி விலை கேட்டு, மூன்றாவது தடவை காசு கொடுத்தனுப்புவது மாதிரி. கேள்வி நூறு, ஒவ்வொன்றுக்கும் போய்வர 80 மில்லி செக்கன் என்று வைத்தால் எட்டு செக்கன் வெறும் நடையிலேயே போய்விடும். எங்கள் செக்ரோல் இன்னும் நாலைந்து கோப்புகளோடு பின்னப்பட்ட எக்செல். வேகமான இணையப் பெக்கேஜ் வாங்கினால் தீரும் என்று கொழும்பில் சொன்னார்கள். அகலம் கூடினால் போய்வரும் நேரம் குறையும் என்று யார் சொன்னது?

மந்தத்தையாவது பொறுக்கலாம். பொறுக்க முடியாதது நடுவில் அறுவது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் ரௌட்டர் அணைந்தால் கோப்பு பாதியில் நிற்கும். அக்சஸ் தரவுத்தளம் என்றால் கெட்டே போகலாம். சம்பளத்தை அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் கொடுத்தாக வேண்டும். 8ஆம் திகதி இரவு கெட்டுப்போன கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் கிளாக்கருக்குக் கெர்பரோஸ் பற்றி விளக்கிப் பயனில்லை.

ஆகவே கோப்பை மலையேற்றுவதை நிறுத்தச் சொல்லி எழுதினேன். கோப்பும் எக்செலும் கொழும்பிலேயே இருக்கட்டும். தோட்டத்துக்குத் திரை மட்டும் வரட்டும். ரிமோட் டெஸ்க்டொப் அதைத்தான் செய்கிறது. விசையும் மவுஸ் அசைவும் இங்கிருந்து போகும், படம் அங்கிருந்து வரும். நூறு கேள்வியும் கொழும்பு அறைக்குள்ளேயே கேட்டு முடிந்துவிடும். நிதிப் பிரிவு உரிமக் கட்டணத்தைக் காட்டி இழுத்தது. ஒவ்வொருவருக்கும் தனி உரிமம் வேண்டும், மலிவல்ல. சம்பள நேரத்துக் கோப்பு மீட்பு வேலைக்கும் ஒரு விலை உண்டு என்று பெரிய துரை ஒருவர் கடிதம் எழுதிய பிறகுதான் அசைந்தது.

பெரிய கிளாக்கர்மாரை இணங்கவைத்தது வேகம் அல்ல. நோர்வூட் பக்கத்தில் பழக்கிக்காட்டிக்கொண்டிருந்தபோதே மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் போட்டு, ரௌட்டர் எழும்பி, மறுபடி உள்நுழைந்ததும் திரையில் அதே தாள், அதே கலம், தட்டிய எண் பாதியில். கிளாக்கர் ஒன்றும் சொல்லாமல் மீதி எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

எஸ் இன்னும் இருக்கிறது, சுற்றறிக்கை வாசிக்க மட்டும். செக்ரோல் திரையில்தான். இப்போது வரும் அழைப்புகள் பிரிண்டரைப் பற்றியவை. சம்பளத் துண்டு அச்சிடும் டொட் மெட்ரிக்ஸ் இயந்திரம் தோட்டத்தில் இருக்கிறது, அச்சிடச் சொல்லும் கணினி கொழும்பில் இருக்கிறது. இரண்டுக்கும் தாளின் நீளத்தில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு வரி கீழே இறங்கி, பத்தாவது ஆளின் கழிவுகள் பதினோராவது ஆளின் துண்டில் விழுகின்றன.