மாலேட்டுக்கு அடங்காத நொதி

முதுகலை புராஜெக்டுக்கு நான் எடுத்தது மக்காச்சோள இலையில் இருக்கும் பிஇபி கார்பாக்ஸிலேஸ் என்ற நொதி. ஒளிச்சேர்க்கை நொதி என்றாலே எல்லோரும் ரூபிஸ்கோவைத்தான் சொல்வார்கள். ஆனால் ரூபிஸ்கோ கார்பன் டை ஆக்ஸைடு இருக்க வேண்டிய இடத்தில் ஆக்ஸிஜனையும் பிடித்துவிடும். சோளம், கரும்பு போன்ற சி4 பயிர்களில் கார்பனை முதலில் பிடிப்பது பிஇபி கார்பாக்ஸிலேஸ். அது எடுப்பது பைகார்பனேட்டை, அதனால் ஆக்ஸிஜன் குறுக்கே வராது. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

இந்த நொதியின் அமினோ முனையில், அதாவது புரதச் சங்கிலி தொடங்கும் பக்கத்தில், செரின் என்ற அமினோ அமிலம் ஒன்று இருக்கிறது, மக்காச்சோளத்தில் 15வது இடத்தில். பகல் வெளிச்சத்தில் அதில் பாஸ்பேட் ஏறும். ஏறிவிட்டால், இலையிலேயே உண்டாகும் மாலேட் என்ற கரிம அமிலத்தால் நொதியை எளிதில் அடக்க முடியாது. இரவில் பாஸ்பேட் இறங்கிவிடும், அப்போது கொஞ்சம் மாலேட்டே போதும். இந்த வித்தியாசத்தை அளந்து காட்டுவதுதான் என் வேலை.

சென்னையில் ஏப்ரல் வெயிலில், கல்லூரி மொட்டை மாடியில் பழைய பெயின்ட் வாளிகளில் செடி வளர்த்தேன். விடியும் முன் ஐந்து மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் மாடிக் கதவைத் திறந்துவிடுவார். செல்போன் டார்ச்சைக்கூடப் போடாமல் தடவித் தடவி இலையை நறுக்கி, அந்த நொடியே திரவ நைட்ரஜனில் போடுவேன். பதினொரு மணிக்கு, தரை காலைச் சுடும் நேரத்தில், வெளிச்ச இலை.

அளவீடு பழைய முறைதான். நொதி உண்டாக்கும் ஆக்ஸலோஅசிடேட்டை மாலேட் டிஹைட்ரஜனேஸ் மாலேட்டாக மாற்றும்போது என்ஏடிஹெச் என்ற மூலக்கூறு செலவாகும். அது 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். ஒளி உறிஞ்சப்படுவதை அளக்கும் ஸ்பெக்ட்ரோவில் அந்தக் கோடு இறங்குவதைப் பார்த்தால் வேகம் தெரியும். கோடு அழகாக இறங்கியது. மாலேட் சேர்த்தேன். அப்போதும் அதே வேகம். இருட்டு இலையிலும்!

நான் பிஹெச் 8இல் அளந்துகொண்டிருந்தேன். அந்த பிஹெச்சில் நொதி நன்றாக ஓடும், ஆனால் மாலேட்டின் தடை சரியாகத் தெரியாது. ஆய்வகத்து அக்கா சொன்னபடி 7.3க்கு மாற்றி, நொதி வேலை செய்யத் தேவையான மூலப்பொருளான பிஇபியையும் குறைத்தேன். இருட்டு இலைக்கும் வெளிச்ச இலைக்கும் அப்போதும் வித்தியாசமே இல்லை. மாலேட் கெட்டுப்போயிருக்கும் என்று புதிதாகக் கரைத்தேன், பயனில்லை. இரண்டு வாரம் இப்படியே போனது. ராத்திரி அயனாவரம் பஸ்ஸில் நோட்டைப் புரட்டிக்கொண்டே அழுதிருக்கிறேன்.

ஒருநாள் சென்ட்ரிஃப்யூஜுக்காகக் காத்திருக்க வேண்டாமே என்று, அரைத்த சாற்றை வடிகட்டி நேராக ஸ்பெக்ட்ரோவில் வைக்கும் சிறு குப்பியான குவெட்டில் விட்டேன். அரைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாலேட் சேர்த்ததும் இருட்டு இலையின் கோடு படுத்துவிட்டது, வெளிச்ச இலையின் கோடு தொடர்ந்து இறங்கியது. அதே சாற்றை இரண்டு மணி நேரம் கழித்து அளந்தேன். இரண்டும் ஒன்றாகிவிட்டன.

காரணம் அப்போதுதான் புரிந்தது. இலையை அரைத்ததும் அதன் புரதச் சிதைப்பு நொதிகளும் வெளியே வந்து, அந்த அமினோ முனையைத் துண்டித்துவிடுகின்றன. செரின் இருப்பது அங்கேதான். முனை போனாலும் கார்பனைப் பிடிக்கும் வேலை நிற்பதில்லை, மாலேட்டை உணர்வதுதான் போய்விடுகிறது. அதனால்தான் மொத்தச் செயல்பாட்டை மட்டும் பார்த்த எனக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரிந்தது.

அந்தச் சிதைப்பு நொதிகளைத் தடுக்கும் கைமோஸ்டாட்டின் வாங்கினோம், விலை அதிகம். மேடம் மறுக்கவில்லை. அதை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, அரைப்பதற்குச் சற்று முன்பு பஃபரில் சேர்ப்பேன். பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள் வேலை செய்யாதபடி சோடியம் ஃப்ளோரைடும் போட்டேன். எல்லாம் ஐஸ் மேல்தான். ஆய்வக ஐஸ் மெஷின் பழுதான நாட்களில் மீன் மார்க்கெட்டில் வாங்கித் தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவந்தேன்.

இப்போது இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் இருட்டு இலை மாலேட்டுக்கு அடங்கியது. வெவ்வேறு மூன்று நாள் பறித்த இலைகளிலும் அதே வித்தியாசம் வந்த பிறகுதான் கிராஃபை மேடமிடம் கொண்டுபோனேன்.